எந்த யோகான்னஸ் முல்லர்?

கேள்வி கேட்டவர் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வரும். குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்காக எடுத்த இரத்தப் பரிசோதனை அறிக்கையில் 'ஏ.எம்.எச்.' என்று ஒரு வரி இருந்திருக்கிறது. அதன் விரிவு 'ஆன்ட்டி முல்லரியன் ஹார்மோன்' என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அந்த முல்லர் யார் என்று தேடிப்போனவருக்கு யோகான்னஸ் முல்லர் என்ற பெயர் கிடைத்தது. மேலும் துழாவியபோது, 15ஆம் நூற்றாண்டில் திரிகோணவியல் எழுதிய வானியலாளர், சுவிட்சர்லாந்தின் வரலாற்றை எழுதியவர், ரப்பர் மரத்தின் அறிவியல் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் தாவரவியலாளர் என்று அதே பெயரில் ஆள்மேல் ஆளாக வந்து நின்றிருக்கிறார்கள். போதாததற்குப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு ஜெர்மன் தொகுதியின் முகப்புப் பக்கத்தையும் படமெடுத்து இணைத்திருக்கிறார். அதிலும் ஒன்றுக்கு இரண்டாக முல்லர்கள். "இவர்கள் எல்லாரும் ஒரே குடும்பமா? இல்லையென்றால் ஒரு நூலில் வெறுமனே முல்லர் என்று இருக்கும்போது எவரைக் குறிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்பதே கேள்வி. வரலாற்றுக் கேள்வி போலத் தோன்றினாலும், அதன் இரண்டாம் பாதிதான் அவர் உண்மையில் கேட்க விரும்பியது என்று எனக்குப் படுகிறது. அது என் தொழிலைச் சேர்ந்தது.

நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நூற்பட்டியல் தயாரித்தவன். ஒரு நூல் கைக்கு வந்தால் அதை எழுதியவர் எவர் என்று முடிவுசெய்து, அவருடைய மற்ற நூல்கள் நிற்கும் இடத்திலேயே இதையும் பதிவுசெய்வதுதான் வேலை. அதற்காகவே ஜெர்மன் படித்தேன். நான் மருத்துவனும் அல்லேன், வானியலாளனும் அல்லேன். ஆகவே இவர்களுடைய அறிவியலின் ஆழத்தைப் பற்றி நான் சொல்வதைவிட, இவர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரித்தெடுக்கும் முறையைப் பற்றிச் சொல்வதையே நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம்.

குடும்பத் தொடர்பு பற்றிய பதில் எளியது: நீங்கள் தேடிக் கண்ட நால்வரும் நான்கு வெவ்வேறு குடும்பத்தினர். முல்லர் என்றால் மாவரைக்கும் ஆலை வைத்திருப்பவர். ஆலைக்கு ஜெர்மனில் 'மூலெ' என்று பெயர், ஆலைக்காரர் முல்லர். ஜெர்மனியில் இன்று மிகப் பரவலான குடும்பப் பெயர் இதுதான். கொல்லரைக் குறிக்கும் ஷ்மிட் இதற்கு அடுத்து வருகிறது. இடைக்காலத்தில் பல பகுதிகளில், ஒரு நிலக்கிழாரின் கீழிருந்த உழவர்கள் அவருடைய ஆலையில்தான் தானியத்தை அரைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. எனவே ஊருக்கு ஓர் ஆலை, ஆலைக்கு ஒரு முல்லர். 'ஆலைக்கார யோகான்னஸ்' என்று ஊருக்குள் சொன்னால் சந்தேகத்துக்கே இடமில்லை. அந்தப் பெயருக்கு உரியவர் அங்கே ஒருவர்தான். ஆனால் ஆலை இல்லாத வட்டாரமும் இல்லை. தொழிலைச் சுட்டிய அடைமொழி பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இறங்கி நிலையான குடும்பப் பெயராக இறுகியபோது, ஒரு சிற்றூருக்குள் ஓர் ஆளைத் துல்லியமாகச் சுட்டிய அதே சொல், நாடு முழுவதற்குமாகப் பார்க்கையில் எவரையும் சுட்டாத சொல்லாகிவிட்டது. அதோடு முன்பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருமுழுக்கு யோவான், நற்செய்தியாளர் யோவான் என்று இரண்டு பெரும் புனிதர்களின் பெயரைத் தாங்கிய யோகான்னஸ், ஜெர்மன் பேசும் நாடுகளில் பல நூற்றாண்டுகள் ஆண் குழந்தைகளுக்கு மிகுதியாக வைக்கப்பட்ட பெயர்களுள் ஒன்று. மிகப் பொதுவான முன்பெயரும் மிகப் பொதுவான குடும்பப் பெயரும் ஒன்றுசேர்ந்தால் இந்தக் குழப்பம் வராமலிருந்தால்தான் வியப்பு. நம்முடைய வழக்கில் தந்தை பெயரின் தலைப்பெழுத்து ஓரளவு காப்பாற்றிவிடுகிறது. அவர்களுக்கு அதுவும் இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பெயர் நிலைத்த பிறகு அதற்கும் தொழிலுக்கும் தொடர்பு அற்றுப்போனது. உங்கள் பரிசோதனை அறிக்கையில் வரும் முல்லரின் தந்தை கோப்லென்ஸ் நகரில் செருப்புத் தைத்தவர்.

காலத்தால் முந்தியவரிடமிருந்து தொடங்குகிறேன். 1436ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃபிராங்கோனியா வட்டாரத்தில் கோனிக்ஸ்பெர்க் என்ற சிறு நகரத்தை ஒட்டிப் பிறந்த வானியலாளர் இவர். தத்துவஞானி கான்ட் வாழ்ந்த, இன்று ரஷ்யாவிடம் உள்ள கோனிக்ஸ்பெர்க் வேறு. இந்த இரண்டு ஊர்களையும் குழப்பிக்கொள்ளும் நூல்கள் நிறைய உண்டு. இவர் வியன்னாவில் கேயோர்க் பொயர்பாக்கிடம் வானியல் பயின்றார். பல்கலைக்கழகப் பதிவேட்டில் இவருடைய பெயர் 'மோலிட்டோரிஸ்' என்று இலத்தீனில் இருக்கிறது. அதுவும் ஆலைக்காரனைக் குறிக்கும் சொல்லே. தாமே எழுதும்போதோ 'அரசமலை யோகான்னஸ்' என்று பொருள்படும்படி ஊர்ப்பெயரை இலத்தீனாக்கி வைத்துக்கொண்டார். கோனிக் என்றால் அரசன், பெர்க் என்றால் மலை. இன்று உலகம் அவரை அழைக்கும் 'ரெஜியோமொன்டானுஸ்' என்ற வடிவம், அவர் இறந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் கழிந்தபின், 1534இல் ஃபிலிப் மெலாங்க்தோன் என்ற ஜெர்மன் சமயச் சீர்திருத்த அறிஞரின் எழுத்து வழியாகப் பரவியது என்பர். ஆக, முல்லர் என்ற பெயரில் இவர் எந்த நூலையும் வெளியிடவில்லை. முகப்புப் பக்கத்தில் முல்லர் என்று அச்சாகியிருந்தால் இவரை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். பட்டியலாளனுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

அவர் செய்தவற்றில் உறுதியானவை இவை. 1471இல் நியூரம்பெர்க்கில் குடியேறி, சொந்தமாக அச்சுக்கூடம் வைத்தார். 1475 முதல் 1506 வரை ஒவ்வொரு நாளுக்கும் கோள்கள் நிற்கும் இடங்களைக் கணித்த அட்டவணையை 1474இல் அச்சிட்டார். முக்கோணங்கள் பற்றிய அவருடைய நூல் 1464 அளவில் எழுதப்பட்டு, 1533இல்தான் அச்சேறியது. நாட்காட்டித் திருத்தத்துக்காகப் போப்பாண்டவர் நான்காம் சிக்ஸ்டஸ் அழைக்க, ரோம் சென்றவர் 1476இல் நாற்பது வயதில் அங்கேயே இறந்தார். ஐயத்துக்குரியவை இரண்டு. கொள்ளைநோயில் இறந்தார் என்பது பொதுவான கருத்து. தாலமியின் வானியல் நூலுக்குத் திரெபிசோந்து ஜார்ஜ் என்ற அறிஞர் எழுதிய விளக்கவுரையை இவர் குறைசொன்னதற்காக அந்த ஜார்ஜின் மகன்கள் நஞ்சு வைத்தார்கள் என்பது அக்காலத்து வதந்தி, அதற்குச் சான்று கிடையாது. மற்றொன்று கொலம்பஸ் கதை. 1504 பிப்ரவரி 29 அன்று ஜமைக்காவில் சந்திர கிரகணத்தை முன்கூட்டியே சொல்லி, உணவு தர மறுத்த தீவு மக்களை அவர் மிரட்டினார் அல்லவா, அப்போது அவர் கையில் இருந்தது இவருடைய அட்டவணை என்று பலரும் எழுதுகிறார்கள். ஆபிரகாம் சக்கூட்டோ என்ற ஸ்பெயின் நாட்டு யூத வானியலாளரின் பஞ்சாங்கமாகவும் இருக்கலாம் என்பவர்களும் உண்டு. கதை சுவையானது என்பதால் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது.

வரலாற்றாசிரியர் 1752இல் சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகரில் பிறந்தவர். 1791இல் பேரரசர் இரண்டாம் லியோபோல்டிடம் பிரபுப் பட்டம் பெற்றதால் பெயருக்கு நடுவே 'ஃபொன்' சேர்ந்தது. அந்த ஒரு சொல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் 1791க்கு முந்திய நூல்களில் அது இராது. மைன்ஸிலும் வியன்னாவிலும் நூலகப் பொறுப்புகளில் இருந்தவர் என்பதால் எனக்கு இவரிடம் ஒரு தனிப் பாசம் உண்டு. சுவிஸ் கூட்டாட்சியின் வரலாற்றை இவர் எழுதிய விதம் அக்காலத்தில் பெரிதும் கொண்டாடப்பட்டது. நாடகாசிரியர் ஷில்லர் வில்லியம் டெல் கதையை 1804இல் மேடையேற்றியபோது இவருடைய வரலாற்றிலிருந்து எடுத்துக்கொண்டார். அந்த நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில், மன்னர் ஆல்பிரெக்ட் கொல்லப்பட்ட செய்தி வருகிறது. அது நடந்தது 1308இல். செய்தியைக் கொண்டுவந்தவர் யார் என்றால், நம்பத்தக்க மனிதரான யோகான்னஸ் முல்லர், ஷாஃப்ஹவுசனிலிருந்து கொண்டுவந்தார் என்கிறது ஒரு பாத்திரம். அப்போது உயிரோடிருந்த வரலாற்றாசிரியரை ஐந்து நூற்றாண்டு பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, ஷில்லர் செலுத்திய நன்றி இது. பார்வையாளர்களுக்குப் புரிந்திருக்கும். குறிப்பு ஏதுமின்றி இன்று படிப்பவர், 1308இல் வாழ்ந்த இன்னொரு யோகான்னஸ் முல்லரைத் தம் பட்டியலில் சேர்த்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இனி உங்கள் அறிக்கையில் உள்ளவர். யோகான்னஸ் பீட்டர் முல்லர், 1801இல் பிறந்து 1858இல் பெர்லினில் மறைந்தவர். கருவில் இணையாகத் தோன்றும் இரண்டு மெல்லிய நாளங்களை 1830இல் விவரித்தார். பெண் கருவில் அவை வளர்ந்து கருக்குழாய்களாகவும் கருப்பையாகவும் உருக்கொள்கின்றன. ஆண் கருவில் மறைந்துபோகின்றன. அவற்றை மறையச் செய்யும் பொருள் என்பதால்தான் 'முல்லருக்கு எதிரான' என்ற விநோதப் பெயர் அந்த ஹார்மோனுக்கு வந்தது. அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று முயல்களில் சோதனை செய்து காட்டியவர் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் என்ற பிரெஞ்சு அறிஞர். முல்லர் இறந்து நாற்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின், 1905இல்தான் ஹார்மோன் என்ற சொல்லே புழக்கத்துக்கு வந்தது. ஆகவே ஏ.எம்.எச். என்பதை முல்லர் 'கண்டுபிடித்தார்' என்று எழுதுவது பிழை. அவருக்கு உரியது நாளம் மட்டுமே. அறிக்கையில் உள்ள எண் உங்கள் சிகிச்சைக்கு என்ன பொருள் தருகிறது என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இந்த முல்லரின் புகழ் நாளத்தோடு நிற்கவில்லை. ஒவ்வொரு புலன் நரம்பும் தனக்குரிய உணர்வையே தரும் என்ற விதி இவருடையது. இருட்டில் கண்ணை மூடி ஓரத்தில் விரலால் மெல்ல அழுத்தினால் ஒளி வளையம் தெரிகிறதே, அதுதான் அந்த விதிக்கு எளிய விளக்கம். ஹெல்ம்ஹோல்ட்ஸ், விர்கோ, ஷ்வான், ஹேக்கல் எல்லாரும் இவரிடம் பயின்றவர்கள். சிக்கல் இந்த மாணவர் கூட்டத்திலிருந்தே தொடங்குகிறது. பிரேசிலுக்குக் குடிபெயர்ந்து, கொட்டும் அல்லது கசக்கும் பூச்சியினங்கள் ஒன்றுபோல ஒன்று தோற்றம் கொள்வதை விளக்கிய ஃபிரிட்ஸ் முல்லரும் பெர்லினில் இவரிடம் படித்தவரே. 'முல்லரியன் நாளம்' ஆசிரியருடையது, 'முல்லரியன் ஒப்புப்போலி' மாணவருடையது. கண்ணின் விழித்திரையில் உள்ள 'முல்லர் செல்கள்' இருவருடையதும் அல்ல. அவை வூர்ட்ஸ்பூர்க்கின் ஹைன்ரிக் முல்லருக்கு உரியவை. கதிரியக்கம் அளக்கும் கைகர்-முல்லர் கருவியின் முல்லரோ 20ஆம் நூற்றாண்டின் வால்தர் முல்லர். அறிவியலில் ஒரு பொருளுக்கு ஆள்பெயரை வைக்கும்போது முன்பெயரை வெட்டிவிடும் வழக்கம் இருக்கும்வரை இந்தத் தொல்லை தீராது.

நான் சறுக்கிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரின் வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு ஜெர்மன் நூல்கள் நன்கொடையாக வந்தன. கூர்முனை வைத்த பழைய ஜெர்மன் எழுத்து. தாள் பழுத்து ஓரங்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. உடலியல் நூல் ஒன்றில் 'யோ. முல்லர்', இயற்பியல் பாடநூல் ஒன்றில் 'யோஹ். முல்லர்'. இரண்டும் 19ஆம் நூற்றாண்டு, இரண்டும் அறிவியல். ஒரே ஆள்தான் என்று முடிவுகட்டி, இரண்டுக்கும் 1801-1858 என்று ஆண்டு போட்டு, ஒரே தலைப்பில் சீட்டு எழுதி, இழுப்பறையில் செருகிவிட்டேன். ஓராண்டுக்குப் பிறகு வேறு எதற்கோ அந்த இயற்பியல் நூலைத் திறந்தபோது முன்னுரையின் அடியில் இருந்த தேதி கண்ணில் பட்டது. 1860களின் ஓர் ஆண்டு, ஊர், ஃபிரைபுர்க். பெர்லினில் 1858இல் இறந்தவர் அதற்குப் பின் ஃபிரைபுர்க்கில் உட்கார்ந்து முன்னுரைக்குக் கையெழுத்துப் போட முடியாது. அவர் 1809இல் காஸெலில் பிறந்து 1875இல் மறைந்த யோகான் ஹைன்ரிக் யாகோப் முல்லர். பூயே என்ற பிரெஞ்சு இயற்பியலாளரின் பாடநூலை ஜெர்மனில் தழுவித் தொடங்கி, 'முல்லர்-பூயே' என்றே புகழ்பெற்ற பெரும் பாடநூலை வளர்த்தவர். சீட்டைக் கிழித்துப் புதிதாக எழுதினேன். அன்றிலிருந்து முன்னுரையின் கடைசி வரியைப் பார்க்காமல் நான் எந்த முல்லரையும் பதிவுசெய்ததில்லை. முகப்புப் பக்கத்தைவிட அந்த வரி நேர்மையானது. ஊரும் நாளும் அங்கேதான் இருக்கும்.

தாவரவியலாளர்கள் இந்தச் சிக்கலை நம்மைவிட அழகாகத் தீர்த்திருக்கிறார்கள். ஒரு தாவரத்தின் அறிவியல் பெயருக்குப் பின்னால், அந்தப் பெயரை வழங்கியவரின் சுருக்கப் பெயரையும் எழுதுவது அவர்கள் மரபு. ரப்பர் மரத்தின் 'ஹீவியா பிரேசிலியென்சிஸ்' என்ற பெயருக்குப் பின்னால் வருவது 'முல். ஆர்க்.'. கன்னியாகுமரி மாவட்டத்தில் பால் வடிக்கும் ஒவ்வொரு ரப்பர் மரமும் தாவரவியல் ஏடுகளில் இந்த ஒட்டோடுதான் நிற்கிறது. சித்த மருந்துக் கடையில் கிடைக்கும் கபிலப்பொடிக்குரிய மரத்தின் பெயரிலும் இதே ஒட்டு உண்டு. 'ஆர்க்.' என்பது ஆர்கோவியென்சிஸ், அதாவது ஆர்காவ் என்ற சுவிஸ் மாநிலத்துக்காரர். 1828இல் அங்கே பிறந்து, ஜெனீவாவில் உலர்தாவரத் தொகுப்புகளின் காப்பாளராக வாழ்ந்து, 1896இல் மறைந்த இவர், ஆமணக்குக் குடும்பத் தாவரங்களிலும் பாசிக்காளான்களிலும் பேரறிஞர். ஜெனீவாவில் பிரெஞ்சு பேசுவதால் பல ஏடுகளில் இவர் 'ஜான் முல்லர்' ஆகிவிடுகிறார். யோகான்னஸும் ஜானும் ஒரே பெயரின் இரு மொழி வடிவங்கள் என்று அறியாதவருக்கு இவரே இரண்டு ஆட்களாகத் தெரிவார். பாசித்தாவரங்கள் ஆய்ந்த கார்ல் முல்லர், தம் ஊரான ஹாலெயின் பெயரால் 'முல். ஹால்.' ஆனார். ஆஸ்திரேலியாவின் மெக்கடேமியாவுக்குப் பெயர் வைத்த ஃபெர்டினான்ட் ஃபொன் முல்லருக்கு முன்பெயரின் முதலெழுத்தைக் கொடுத்து, குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டலையும் வேறாக வைத்திருக்கிறார்கள். அவர் மெல்போர்னில் இறந்ததும் அதே 1896இல்தான். இப்படிப்பட்ட சுருக்கங்களையெல்லாம் தொகுத்து லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தார் 1992இல் ஒரு பெருநூலாகவே வெளியிட்டார்கள். ஒரு சுருக்கம், ஓர் ஆள்: அதுதான் விதி.

ஊரை ஒட்டவைக்கும் இந்த உத்தி அறிஞர்களுக்கு மட்டும் உரியது அல்ல. 1920இலும் 1928 முதல் 1930 வரையும் ஜெர்மனியின் அரசுத் தலைமை அமைச்சராக இருந்த ஹெர்மன் முல்லரை, மற்ற முல்லர்களிடமிருந்து பிரிக்க, அவருடைய தொகுதியைச் சேர்த்து முல்லர்-ஃபிராங்கன் என்றே அழைத்தார்கள். இன்றைய ஜெர்மன் நாடாளுமன்றத்திலும் ஒரே குடும்பப் பெயருடையவர்களுக்குப் பின்னால் ஊரை அடைப்புக்குறியில் எழுதும் வழக்கம் இருக்கிறது. ஊரைச் சேர்க்காமல் முன்பெயரையே குடும்பப் பெயரோடு ஒட்டிக்கொண்டவர், ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருந்த மொழியியலாளர், நமக்கெல்லாம் தெரிந்த மாக்ஸ் முல்லர். அவர் முழுப்பெயர் ஃபிரீட்ரிக் மாக்ஸ் முல்லர். முல்லர் மட்டும் இருந்தால் கூட்டத்தில் கரைந்துவிடுவோம் என்று கருதி 'மாக்ஸ் முல்லர்' முழுவதையும் குடும்பப் பெயராக்கிக்கொண்டார். அவருக்கு அந்த அச்சம் வந்ததில் நியாயம் இருக்கிறது: அவர் காலத்திலேயே வியன்னாவில் ஃபிரீட்ரிக் முல்லர் என்ற இன்னொரு மொழியியலாளர், 1834 முதல் 1898 வரை வாழ்ந்தவர், உலக மொழிகளை வகைப்படுத்திப் பல தொகுதிகள் எழுதிக்கொண்டிருந்தார். இருவரும் மொழியியலாளர்கள் என்பதால், துறையை வைத்துப் பிரிக்கும் வழி இங்கே கைகொடுக்காது. மொழிக் குடும்பங்களைப் பற்றி 'முல்லர் சொன்னார்' என்று ஒரு தமிழ்க் கட்டுரையில் கண்டால், வெளியீட்டு ஊர் ஆக்ஸ்ஃபோர்டா வியன்னாவா என்று பார்த்துவிட்டே மேலே படிப்பேன்.

யோகான்னஸ் முல்லர்களில் இன்னும் ஒருவரை விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் தேடுபொறியில் அவரும் வருவார். 1864 முதல் 1949 வரை வாழ்ந்த சமய எழுத்தாளர்; பவேரிய மலையடிவாரத்தில் எல்மாவ் மாளிகையைக் கட்டியவர். ஜி7 நாட்டுத் தலைவர்கள் 2015இலும் 2022இலும் கூடியது அங்கேதான். ஹிட்லரைப் புகழ்ந்து பேசியும் எழுதியும் வந்ததற்காகப் போருக்குப் பின் விசாரணை மன்றத்தில் நின்றவர். உடலியலாளரின் பெயரோடு இவருடைய அரசியல் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது நமது கடமை.

பெயரின் எழுத்திலேயே ஒரு கண்ணி இருக்கிறது. முல்லரில் உள்ள உயிரொலி நம் எழுத்தில் இல்லை. 'இ' என்று சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் 'உ'வுக்குக் குவித்தால் வருவது அது. ஜெர்மானியர் அதை 'யூ' எழுத்தின் மேல் இரண்டு புள்ளி வைத்து எழுதுவார்கள். புள்ளி இல்லாத இடத்தில் 'யூ'வுக்குப் பின் ஓர் 'ஈ' சேர்ப்பார்கள். அவர்களுடைய கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் அப்படித்தான் இருக்கும். ஆங்கிலத்தில் பலர் இரண்டையும் விட்டுவிடுவார்கள். அகரவரிசைக்கும் அங்கே இரண்டு முறைகள் உண்டு. அகராதிகளில் புள்ளியைக் கண்டுகொள்வதில்லை; தொலைபேசிப் புத்தகம் போன்ற பெயர்ப்பட்டியல்களில் 'ஈ' சேர்ந்ததாகக் கணக்கிடுவார்கள். எனவே ஒரே ஆள் இரண்டு வரிசைகளில் இரண்டு இடங்களில் நிற்பார். தமிழிலோ முல்லர், மூலர், மியூலர், மில்லர் என்று நான்கு வடிவங்களையும் பார்த்திருக்கிறேன். 'மில்லர்' என்று எழுதுவதைத் தவிர்த்தால் நல்லது. அது ஆங்கிலக் குடும்பப் பெயர், பொருள் ஒன்றே ஆனாலும் ஆட்கள் வேறு.

ஆக, வெறும் பெயரோடு ஒரு நூல் கையில் இருந்தால் நான் முதலில் பார்ப்பது ஆண்டு, அடுத்து ஊர், அதற்கும் அடுத்துத்தான் துறை. ஆண்டு, இறந்தவர்களை ஒதுக்கும். ஊர், உயிரோடிருந்தவர்களைப் பிரிக்கும். துறையை மட்டும் நம்பினால் என் இயற்பியல் நூலுக்கு நேர்ந்ததே நேரும். பிறகு நூலகங்களின் பெயர்ப் பதிவேட்டுக்குப் போவேன். ஜெர்மன் தேசிய நூலகமும் அதன் கூட்டு நூலகங்களும் ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கின்றன. பெயர் ஒன்றாக இருந்தாலும் எண் வேறாக இருக்கும், பெயர் பலவாக இருந்தாலும் எண் ஒன்றாக இருக்கும். ரெஜியோமொன்டானுஸ், மோலிட்டோரிஸ், முல்லர் மூன்றும் அங்கே ஒரே எண்ணில் அடங்கிவிடும். இந்தப் பதிவுகளும் என்னைப் போன்றவர்கள் எழுதியவைதாம் என்பதை மறக்கக் கூடாது. முற்காலத்தில், எவர் என்று முடிவுசெய்ய இயலாதபோது, ஒரே பெயருடைய பலருடைய நூல்களை ஒரே தலைப்பின் கீழ்ப் போட்டுவைக்கும் வழக்கம் விதியாகவே இருந்தது; அந்தக் கலவையின் மிச்சங்கள் இன்றைய இணையப் பட்டியல்களிலும் ஆங்காங்கே கிடக்கின்றன. ஆகவே ஒரு பதிவில் 1780இல் வெளிவந்த நூலும் 1850இல் வெளிவந்த நூலும் ஒரே முல்லரின் பெயரில் இருந்தால், அவருக்கு நீண்ட ஆயுள் என்று எடுத்துக்கொள்ளாமல் பதிவைச் சந்தேகியுங்கள்.

நீங்கள் இணைத்திருக்கும் முகப்புப் பக்கத்தை இந்த வரிசையிலேயே பார்த்தேன். ஆண்டில் கடைசி இலக்கத்தை இராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. 181 வரைதான் தெரிகிறது. அதனால் உடலியலாளரும் தாவரவியலாளரும் விலகிவிடுகிறார்கள், ஒருவர் அப்போது சிறுவர், மற்றவர் பிறக்கவே இல்லை. ஊர் டியூபிங்கன், பதிப்பகம் கோட்டா. பெயருக்கு நடுவே 'ஃபொன்' இருக்கிறது. ஆகவே அது ஷாஃப்ஹவுசன் வரலாற்றாசிரியரின் முழுத் தொகுப்பில் ஒரு தொகுதி. அவர் 1809இல் இறந்த பிறகு, 1810 முதல் 1819 வரை வெளிவந்தது. கீழே பதிப்பாசிரியராகக் காணும் யோகான் கேயோர்க் முல்லர், அவரைவிட ஏழு வயது இளையவர், இறையியலாளர், தொகுப்பு முடிந்த 1819ஆம் ஆண்டிலேயே தாமும் மறைந்தவர். அவர் வரலாற்றாசிரியரின் உடன்பிறந்த தம்பி. "ஒரே குடும்பமா?" என்ற உங்கள் கேள்விக்கு இந்த ஒரு பக்கத்தில் மட்டும் பதில் 'ஆம்'.